நான்காம் பக்கத்தின் கடைசிக் கட்டம்

எங்கள் அலுவலகம் மைதானத்தின் கிழக்கு மாடத்துக்கு அடியில் இருக்கிறது. மேலே பார்வையாளர்கள் உட்காரும் படிவரிசைதான் எங்களுக்குக் கூரை. அதனால் அறை ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் குனிந்து போக வேண்டியதாகவும் இருக்கும். கோல் விழுந்தால் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். மேலே எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து குதிப்பார்கள், மேசைமேல் இருக்கும் டீயில் வட்டவட்டமாக அலை வரும்.

கதவில் ‘வீரர் நடத்தை விசாரணைப் பிரிவு’ என்று பலகை தொங்குகிறது. பிரிவு என்பது மொத்தம் இரண்டு பேர். ஒன்று நான். பதினாறு வருடம் கால்பந்து நடுவராக ஓடி, முழங்கால் கைவிரித்த பிறகு இங்கே வந்தவள். வீரர்கள் இன்னும் ‘ரெஃப்ரி அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்னொருவர் எங்கள் குமாஸ்தா. மற்றவர்கள் பேனா குத்தும் சட்டைப் பையில் அவர் கறுப்புக் காகிதக் கிளிப்புகளை வரிசையாக மாட்டியிருப்பார். ஆகவே அவர் கிளிப் அண்ணன்.

வீட்டில் மனைவியை அடித்ததாக ஒரு வீரர்மேல் புகார் வந்தால் அதற்குப் போலீஸ் இருக்கிறதே, லீக்குக்கு என்ன வேலை என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நீதிமன்றம் பார்ப்பது, ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாமா என்று. அதற்குச் சந்தேகமே மிஞ்சக் கூடாது. நாங்கள் பார்ப்பது அதைவிடச் சின்ன விஷயம்: எங்கள் லீக்கில் ஆடுகிறவர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நடத்தை விதியை மீறினாரா? இதற்கு, நடந்திருக்கும் என்ற தட்டு நடக்கவில்லை என்ற தட்டைவிட ஒரு நூல் கனத்தால் போதும். ஒரு நூலில் சாயும் தராசு என்பதால்தான் முறை சுத்தமாக இருக்க வேண்டும். அதில் யாருடைய சுண்டு விரலும் பட்டுவிடக் கூடாது.

முறை இதுதான். புகார் வந்த அன்றே வீரர் ஓய்வுப் பட்டியலுக்குப் போவார்: சம்பளம் உண்டு, பயிற்சி உண்டு, ஆட்டம் கிடையாது. அது தண்டனை இல்லை. மூன்று நாளுக்குள் புகாரின் முழு நகல் அவர் கைக்குப் போக வேண்டும். பிறகு இருவரையும் தனித்தனியாகக் கேட்போம். கடைசியில் மூவர் குழு உட்கார்ந்து முடிவு சொல்லும். நட்சத்திர வீரருக்கும் மாற்று வீரருக்கும் அதே நாட்கள், அதே தாள்கள்.

‘முழு நகல்’ என்ற அந்த இரண்டு சொல்லை விதியில் சேர்த்தவள் நான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் வருவதற்கு முந்தைய பருவத்தில், மாற்று கோல்கீப்பர் ஒருவரைத் தொலைபேசியில் வந்த ஒரு புகாரை வைத்து ஒரே மதியத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்ன புகார் என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. அதே பருவத்தில் அதிக கோல் போட்டவர்மேல் வந்த புகார், அவர் ஓய்வு பெறும்வரை ஒரு இழுப்பறையில் தூங்கியது. கோல்கீப்பர்மேல் சொன்னது உண்மையா பொய்யா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அது அவருக்கும் அநியாயம், சொன்ன பெண்ணுக்கும் அநியாயம். அதனால் எழுதினேன்: ஒரு வரியும் மறைக்காமல் முழு நகல்.

விதி எழுதியாயிற்று, படிவம் வேண்டுமே. எங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல படிவம் இருந்தது. ஆட்டத்தில் அடிபட்ட வீரருக்கானது. எப்போது நடந்தது, எங்கே, யார் பார்த்தார்கள், உடம்பில் எந்த இடம், முதலுதவி கொடுத்தது யார் என்று ஒன்றன்பின் ஒன்றாக, மறக்க முடியாத வரிசையில் கேட்கும். தலைப்பை மட்டும் மாற்றினேன். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெண் புகார் கொடுக்க வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இடது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தாள். கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கும் வேலை. உட்கார்ந்ததும் என் மேசை விளக்கைத் திருப்பி, வெளிச்சம் தாளில் விழும்படி வைத்தாள்.

“இந்த எழுத்து ரொம்பப் பொடிசு அக்கா. யாருக்குத் தெரியும் இது?”

“எனக்குத் தெரியுதே.”

“உங்களுக்கும் தெரியல. கைய நீட்டிப் பிடிச்சுப் படிக்கிறீங்க. ஒருநாள் கடைக்கு வாங்க.”

அவள் கணவர் யார் என்று முதல் பக்கத்தில் எழுதியபோது கிளிப் அண்ணன் தட்டச்சை நிறுத்திவிட்டார். ஊரே ‘சுவர்’ என்று கூப்பிடும் தடுப்பாட்டக்காரர். அவரைத் தாண்டிப் பந்து போவதில்லை. அவருக்காகச் சிறுவர்கள் முதல் கிழவர்கள்வரை தொண்டை வறளக் கத்துவார்கள்.

இரண்டு சம்பவங்களை எழுதினாள். ஒன்று, தோற்று வந்த ஒரு நாள், அவள் கை கதவு நிலையில் இருப்பது தெரிந்தே அறைந்து சாத்தியது. இரண்டு, போன வாரம் தோளைப் பிடித்துச் சமையலறை அலமாரியில் தள்ளியது. எழுதி முடிக்கும்வரை அழவில்லை. நான்காவது பக்கத்தின் கடைசிக் கட்டத்தை நிரப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

“நீங்க யார் பக்கம் அக்கா?”

“பந்து எங்க இருக்குன்னு பாக்கிறதுதான்மா என் வேலை.”

“இதெல்லாம் அவருக்குக் காட்டுவீங்களா?”

“காட்டுவோம். காட்டாம அவர்கிட்ட பதில் கேக்க முடியாது.”

“முழுசாவா?”

“ஒரு வரி விடாம.”

கொஞ்சம் யோசித்தாள். நான் இந்த வேலையைத் தெரிந்துதான் செய்கிறேன் என்று நம்பினாள் போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டாள். மருத்துவச் சீட்டும் படங்களும் சேர்த்துப் பதின்மூன்று பக்கம்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கிளிப் அண்ணன் நகலைக் கிளிப் போட்டு, உறையில் இட்டு, லீக்கின் தபால் வண்டியில் கிளப்புக்கு அனுப்பினார். மூன்று நாற்பதுக்கு நான் எங்கள் பிரதிக்கு உள்ளடக்கப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கம், பெயர் விவரம். இரண்டாம் பக்கம், கதவு. மூன்றாம் பக்கம், அலமாரி. நான்காம் பக்கம், பார்த்தவர்கள். கடைசிக் கட்டம், ‘தற்போது தங்கியிருக்கும் இடம்’.

அடிபட்ட வீரரின் வீட்டுக்கு மறுநாள் பிசியோதெரபிஸ்ட் போய்ப் பார்க்க வேண்டும். அதற்காக இருந்த கட்டம் அது. யாரும் அதை எடுக்கவில்லை. அந்தப் பெண் மணிமணியான கையெழுத்தில் நிரப்பியிருந்தாள்: சித்தி வீடு, மூன்றாவது மாடி, சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே, கதவு எண் உட்பட. அவள் வெளியூரில் அம்மா வீட்டில் இருப்பதாகத்தான் அவள் கணவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதையும் அவளே அன்று கிளம்பும்போது சொல்லியிருந்தாள்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

கிளப்பைக் கூப்பிட்டு உறையை நிறுத்தச் சொல்லலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கிளப் அவருடைய முதலாளி. அங்கே ஒருவர் ‘எதற்கு நிறுத்தச் சொல்கிறார்கள்’ என்று பிரித்துப் பார்த்தால் ஒருவருக்குத் தெரிவது பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும். அவளைத்தான் கூப்பிட்டேன்.

“நாலாவது வரியப் படிங்க சார்,” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

கடையின் மின்விசிறிச் சத்தம் குறைந்தது; வாசலுக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது.

“அந்தக் கட்டத்த யார் அக்கா வெச்சது?”

“நான்தான்.”

“நான் பூட்டிட்டு வந்த கதவுக்கு நீங்க சாவி செஞ்சு அனுப்பியிருக்கீங்க.” குரல் உயரவே இல்லை. “சித்தி வீட்டுல தனியா இருக்காங்க. அவங்கள மொதல்ல வெளிய கூட்டிட்டு வரணும். நீங்க போய் அத எடுங்க.”

வைத்துவிட்டாள்.

கிளிப் அண்ணனின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். அவர் வாழ்நாளில் ஒரு விதியை மீறாதவர். காலியான சந்திப்பில் விளக்கு மஞ்சளானதும் வண்டியை நிறுத்திவிட்டார்.

“அண்ணே, போயிடலாம்ணே, யாருமே இல்ல.”

“நீங்க மைதானத்துல மஞ்சள் அட்டை காட்டினப்போ எவனாவது ‘யாருமே இல்ல’ன்னு ஓடினானா?”

“அண்ணே!”

“சரி சரி, பச்சை வந்துருச்சு. புடிச்சுக்கோங்க.”

கிளப் வரவேற்பில் இருந்த பெண், உறையை ‘சுவர்’ அப்போதே கையெழுத்திட்டு வாங்கிப் போய்விட்டதாகச் சொன்னாள். பூட்ஸ் கழுவும் அறையில் இருந்தார். நீளமான தொட்டி, சுவரில் வரிசையாகக் குச்சிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி தலைகீழாகத் தொங்கித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நடுவே பெஞ்சில் அந்தப் பெரிய உருவம் குனிந்து உட்கார்ந்திருந்தது. உறை கிழிந்து கிடந்தது. தாள்கள் மடியில் இருந்தன.

“வாங்க ரெஃப்ரி அக்கா,” என்றார், எழுந்திருக்காமல். “ரெண்டாம் பக்கத்துலயே நிக்கிறேன். நகர முடியல.”

“மொத்தத்தையும் பாத்துட்டீங்களா?”

“இல்ல. இதையே திருப்பித் திருப்பிப் படிக்கிறேன்.”

நான் நின்றபடியே சொன்னேன். “நாலாவது பக்கம் உங்களுக்கு வந்திருக்கக் கூடாது. என் தப்பு. அத நான் திருப்பிக் கேக்க வந்திருக்கேன்.”

“எல்லாத்தையும் காட்டணும்னு நீங்கதானே விதி போட்டீங்க?”

“ஆமா.”

“அப்ப அந்தப் பக்கத்துல என்ன இருக்கு?”

அச்சுப் பிழை என்று சொல்லியிருக்கலாம். அவர் கொடுத்தும் இருப்பார். ஆனால் பொய் சொல்லி வாங்கிய ஒரு தாளோடு நான் எந்த விசாரணையை நடத்துவது?

“அவங்க எங்க இருக்காங்கன்னு இருக்கு. உங்க மேல சொன்ன எதுவும் அந்தக் கட்டத்துல இல்ல. பதில் சொல்ல அது உங்களுக்குத் தேவையில்ல. அந்த ஒரு கட்டத்த விட்டுட்டு மத்தத நாளைக்குத் தனியா அடிச்சுத் தரேன்.”

அவர் முகம் மாறியது. “நான் போய் அவள ஏதாவது செஞ்சுடுவேன்னு நினைக்கிறீங்களா?”

“நான் என்ன நினைக்கிறேன்கிறது கணக்கே இல்ல தம்பி. நீங்க செஞ்சீங்களா இல்லையான்னே நான் இன்னும் முடிவு பண்ணல. அவங்க பயப்படுறாங்க. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்.”

“வக்கீல் சொல்வாரு, கைக்கு வந்த தாளத் திருப்பித் தராதேன்னு.”

“சொல்வாரு. தராம இருக்க உங்களுக்கு உரிமையும் இருக்கு. நான் பிடுங்க முடியாது.”

பூட்ஸ்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் தாள்கட்டை அப்படியே கவிழ்த்தார். கிளிப்பை எடுத்தார்.

“மொத்தம் எத்தனை?”

“பதிமூணு.”

பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினார், தாளின் வெள்ளை முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு. பத்தாவதை உருவி, கவிழ்ந்தபடியே நீட்டினார். “இதுதானான்னு பாத்துக்கோங்க.”

அதுதான். ‘நான்காம் பக்கம், என் வேண்டுகோளின்படி, நான்கு முப்பத்தைந்துக்குத் திருப்பித் தரப்பட்டது’ என்று ஒரு ரசீது எழுதினேன். இருவரும் கையெழுத்திட்டோம். கிளிப் அண்ணன் சாட்சி.

நான் உள்ளே நுழைவதற்கு முன் அவர் கண் அந்தப் பக்கத்தில் பட்டிருந்ததா? எனக்குத் தெரியாது. படவில்லை என்றே நம்பினேன். ஆனால் என் நம்பிக்கை என்னுடையது. அதை இன்னொருத்தி வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட முடியாது. அந்தப் பெண்ணிடம் அப்படியேதான் சொன்னேன்: தாள் வந்துவிட்டது, அவர் பார்க்கவில்லை என்கிறார், பார்த்திருக்கவும் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“வெச்சுட்டேன். நாங்க கிளம்பியாச்சு,” என்றாள். “இப்ப எங்க இருக்கோம்னா…”

“வேண்டாம்மா. என்கிட்ட சொல்லாதீங்க. இந்த ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

சின்னதாக ஒரு மூச்சு விட்டாள். சிரிப்பா, வெறுப்பா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. “விசாரணைக்கு வரணுமான்னு யோசிக்கிறேன் அக்கா. உங்க ஆபீஸ் வாசப்படியே இப்ப பயமா இருக்கு.”

“அது உங்க முடிவும்மா,” என்றேன். வாருங்கள் என்று கெஞ்சினால் அதுவும் ஒரு விரல்தான், தராசில்.

மறுநாள் காலை என்மேல் நானே அறிக்கை எழுதிக் கொடுத்தேன். தவறு செய்த நடுவர் அந்த ஆட்டத்தில் தொடரக் கூடாது. வழக்கு நீச்சல் சங்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரிக்குப் போனது. படிவமும் மாறியது. இருப்பிடமும் தொலைபேசி எண்ணும் இப்போது தனித் தாள்; அது ஒட்டிய உறையில், வேறு அலமாரியில், வேறு சாவியில் இருக்கும். குற்றச்சாட்டில் ஒரு வரி மறைப்பதில்லை. குற்றச்சாட்டு அல்லாதது ஒரு வரியும் போவதில்லை. இரண்டையும் பிரிக்க ஒரு கோடு போட்டால் போதும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பதினாறு வருடம் கோடுகளுக்கு நடுவேதான் ஓடினேன்.

மூன்று வாரம் கழித்து விசாரணை நாள், மைதானத்திலேயே மாடி அறையில். அந்தப் பெண் வருவாளா என்று புதிய அதிகாரிக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. முதல் சாட்சி நான், என் தவறுக்கு.

மூவர் குழு நீள மேசைக்குப் பின்னால். ஒருபக்கம் ‘சுவர்’, பக்கத்தில் வீரர்கள் சங்கத்து வக்கீல். இளைஞர், கெட்டிக்காரர். நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் எழுந்தார்.

“முழு நகல் தரணும்கிறது உங்க விதி. அத எழுதினதே இவங்க. என் கட்சிக்காரர் கையில இருந்த ஒரு பக்கத்த இவங்களே வாங்கிட்டுப் போயிருக்காங்க. ஆக, முழு நகல் தரப்படல. தராத புகார் மேல விசாரணை கிடையாது. இத இங்கேயே முடிச்சுடலாம்.”

அவர் சொன்னதில் எழுத்துப்படி பிழை இல்லை. குழுத் தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் என் இரண்டு சொற்களும் கறுப்பாக உட்கார்ந்திருந்தன. அந்தப் பெண் ஒருவேளை வந்திருந்தாலும், வாய் திறக்காமலே திரும்ப வேண்டியதுதான்.

“சார், ஒரு நிமிஷம்,” என்றார் ‘சுவர்’.

“நீங்க உக்காருங்கண்ணே,” வக்கீல் முழங்கையைப் பிடித்தார்.

“விடு தம்பி. எப்ப பாத்தாலும் உக்கார வெக்கிற.” எழுந்துவிட்டார். அந்த உயரத்துக்கு அறை சிறிதாகிவிட்டது. “அந்தப் பக்கத்த யாரும் பிடுங்கல. நான்தான் எண்ணி எடுத்துக் கொடுத்தேன். விலாசத்த விட்டுட்டு மத்தத மறுநாளே குடுத்துட்டாங்க. மீதிப் பன்னெண்டு பக்கமும் வீட்டுல இருக்கு. அவ எழுதின கதவு விஷயம் சரி. அவ கை அங்க இருந்துச்சு, எனக்குத் தெரியும்.” தொண்டையைச் செருமினார். “அலமாரி விஷயம் அவ எழுதின மாதிரி இல்ல. அத நான் சொல்லணும். இங்கேயே முடிச்சுட்டா ரெண்டையும் நான் எங்க போய்ச் சொல்றது?”

வக்கீல் பேனாவை மூடிப் பையில் செருகினார்.

குழுத் தலைவர் எழுதிக்கொண்டார். “விசாரணை தொடரும்,” என்றார். என்னைப் பார்த்து, “நீங்க போகலாம்.”

வெளியே நடைவழியில் உட்கார்ந்தேன். ‘சுவர்’ சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு அவர் வேறு கதவு வழியாகப் பக்கத்து அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். அந்தப் பெண். கூடவே சித்தி, கையில் குடையோடு, யாராவது எதிர்ப்பட்டால் ஒரு போடு போடுவதற்குத் தயாராக. அந்தப் பெண் என்னைத் தாண்டிப் போனாள், பார்க்காமல். கதவு மூடியது.

சித்தி எனக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நீங்கதானா அந்த ரெஃப்ரி?”

“ஆமா.”

“ஒரே நாள்ல மூணு மாடி சாமான் இறக்கினேன். மிக்ஸி மூடி இன்னும் கிடைக்கல,” என்றார். அதற்குமேல் ஒரு மணி நேரம் குடையைப் பிடித்தபடி கதவையே பார்த்திருந்தார்.

அந்தப் பெண் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது; ஆனால் நடை நிதானமாக இருந்தது. என்னெதிரே நின்றாள்.

“அலமாரி விஷயத்துல அவர் வேற மாதிரி சொல்றாராம். என்கிட்ட மறுபடி மறுபடி கேட்டாங்க. எத்தனை தடவ கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான்.”

“முழுசாச் சொல்ல விட்டாங்களா?”

“விட்டாங்க. நடுவுல யாரும் பேசல.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “உங்க மேல கோவம் போகல அக்கா.”

“போக வேண்டாம்மா.”

மைதானம் காலியாகிற முறை ஒன்று உண்டு. இரண்டு அணி ரசிகர்களும் ஒரே நேரத்தில் தெருவில் இறங்கினால் வம்பு. அதனால் வெளியூர் ரசிகர்களை முதலில் மேற்கு வாசல் வழியாக அனுப்பிவிட்டு, உள்ளூர்க்காரர்களைக் கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள். புதிய அதிகாரி அதையே செய்தார். அந்தப் பெண்ணும் சித்தியும் மேற்கு வாசலில் இறங்கினார்கள். காவலாளி நேரம் குறித்துக்கொண்டார். முடிவு பத்து நாளில் இருவருக்கும் ஒரே நேரத்தில் போகும்.

‘சுவர்’ பக்கத்து அறையிலிருந்து வந்து, சித்தி உட்கார்ந்திருந்த பெஞ்சில் அமர்ந்தார். என்ன முடிவு வரும் என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குத் தெரியாது. உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் எழுந்தார்.

“கால் மணி நேரம் ஆயிருச்சா அக்கா?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“இன்னும் நாலு நிமிஷம் இருக்கு தம்பி.”

தலையை ஆட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.